விலை போகாத பாறை

விலை போகாதவர்கள் என்று நம்மிடையே ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கவிதை எழுதுகிறவர்களில் இருப்பார்கள், படம் வரைகிறவர்களில் இருப்பார்கள், நாடகக்காரர்களில் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பார்கள். "என்னை யாரும் விலைக்கு வாங்க முடியாது" என்று அறிவிப்பதுதான் இந்த இனத்தின் முதல் அடையாளம். யார் வாங்க வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை. வாசலில் ஆள் இல்லாதபோதே கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டு, "இன்றைக்கு ஒருவரையும் பார்ப்பதாக இல்லை" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறவர்கள் இவர்கள். நல்லவர்கள். நாணயமானவர்கள். ஒரே ஒரு பலவீனம், தெருவில் யாராவது செருமினால் கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்துவிடுவார்கள்.

இந்த இனத்தில் அபூர்வமான ஒரு வகை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகளில் தாமிரபரணிக் கரையில் காணப்பட்டது. ராக் இசைக்குழுத் தலைவர். மெட்ராஸாக இருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். பாளையங்கோட்டையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெயர் சிவகணேஷ். வயது இருபத்துமூன்று. அந்த வயதுக்காரனை 'அவன்' என்று எழுதுவதுதான் வழக்கம். இருந்தாலும் 'அவர்' என்றே எழுதிவிடுவோம். கோபித்துக்கொள்ளும் வகை. குழுவில் இருந்த மற்ற மூன்று பேரும் கோபித்துக்கொள்ளாதவர்கள். அவர்களை 'அவன்' என்றே எழுதலாம்.

சிவகணேஷ் கோயம்புத்தூரில் படிக்கப் போனார். போகும்போது ஒரு டிரங்குப் பெட்டி. திரும்பும்போது ஒரு பட்டம், ஒரு கிட்டார், தோள்வரை முடி. தகப்பனார் ஞானசம்பந்தம் பிள்ளை பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், காலையில் தேவாரம் சொல்லாமல் காப்பி குடிக்காதவர். அவர் மாடியிலிருந்து வரும் சத்தத்தை ஒரு மாதம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மனைவியிடம் சொன்னார்: "ஓதுவார் பாடுதாரு, சரி. நாயனக்காரர் வாசிக்காரு, சரி. இவன் மேல என்ன செய்யுதான்னுதான் எனக்கு வெளங்கல." பிறகு மகனுக்குப் பரீட்சை எழுதிக் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டார். பகலில் முடியைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு பாலிசிக்காரர்களுக்குப் பதில் சொல்லுவதும், மாலையில் அதை வெளியே எடுத்துவிட்டு உலகத்துக்குப் பதில் சொல்லுவதுமாக சிவகணேஷின் வாழ்க்கை தொடங்கியது.

ராக் குழு என்றால் குறைந்தது நான்கு பேர் வேண்டும். தாளம் தட்டத் தானியேல் கிடைத்தான். விக்கிரமசிங்கபுரத்து நூல் மில் தொழிலாளியின் மகன். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஆய்வகத்தில் எடுபிடி வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டிரம்ஸ். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அந்த டிரம்ஸும் குழுவுக்குக் கிடைத்தது. நாறும்பூநாதன் லாரி புக்கிங் ஆபீஸ் ஊழியன், ஆறடி உயரம், நாளுக்கு ஆறு வார்த்தை. அவனுக்கு பேஸ் கிட்டார். கடையில் அப்படி ஒன்று கிடைக்காததால், சாதாரணக் கிட்டாரில் இரண்டு கம்பிகளைக் கழற்றிவிட்டு அதுதான் பேஸ் என்று முடிவு செய்தார்கள். நான்காவது ஆள் முகம்மது மைதீன். வாத்தியம் எதுவும் தெரியாது. ஆனால் மேலப்பாளையத்தில் அவன் வாப்பாவுக்கு மைக் செட் கடை இருந்தது. கோயம்புத்தூரில் கூடப் படித்தவர்களின் விலையுயர்ந்த கருவிகளில் சிவகணேஷ் ஆசைப்பட்டுக் கேட்ட அந்தக் கரகரத்த, கிழிபட்ட ஓசை, மைதீனின் பழைய ஆம்ப்ளிஃபயரில் திருகாமலேயே வந்தது.

பயிற்சி மைக் செட் கடையின் பின்புறக் கிட்டங்கியில் நடந்தது. சுற்றிலும் குழாய் ஸ்பீக்கர்கள் கவிழ்ந்து கிடக்கும். சீரியல் பல்பு வைத்துச் செய்த விநாயகரும் நல்வரவும் வாழை மரமும் சுவரில் சாய்ந்திருக்கும். நடுவே நின்று சிவகணேஷ் சூனியத்தைப் பற்றிப் பாடுவார்.

முதலில் பெயர் வைக்க வேண்டுமே. பாட்டு இரண்டு தயாராவதற்குள் பெயர் நாற்பது வந்து போயின. ஒன்று வெள்ளைக்காரத்தனமாக இருந்தது, ஒன்று சித்த வைத்தியசாலை போலிருந்தது. ஒன்றை ஏற்கெனவே ஒரு ஊதுவத்திக்காரர் வைத்துக்கொண்டுவிட்டார். கடைசியில் ஒருநாள் நாறும்பூநாதன் அன்றைய ஆறு வார்த்தைகளில் ஒன்றைச் செலவழித்து, "பாறை" என்றான். சிவகணேஷ் கண்ணை மூடிக்கொண்டு அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வைரமான பெயர் என்றார். கிட்டங்கி வாசலில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'பாறை' என்று பெரிதாக எழுதி மாட்டினார்கள். மூன்றாம் நாள் சேரன்மகாதேவியிலிருந்து ஒருவர் வந்து நின்று, "அண்ணாச்சி, முக்கால் இஞ்சி ஜல்லி லோடு என்ன வெலை?" என்று கேட்டார். அவரும், அப்புறம் மூன்று மேஸ்திரிகளும், ஒரு பஞ்சாயத்துத் தலைவரும். பாறைக்கு விலை கேட்டு வந்தவர்கள் அந்த ஆண்டில் அவ்வளவுபேர்தான்.

ஆனால் சிவகணேஷ் மறுத்துக்கொண்டே இருந்தார். இந்த இனத்துக்கு மறுப்பது மூச்சு விடுவது போல. மைதீனின் மாமா மகன் கல்யாணத்துக்கு வாசிக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரே ஒரு சினிமாப் பாட்டு, பெண் வீட்டார் ஆசைப்படுகிறார்கள் என்றார்கள். அவ்வளவுதான். "எங்களுடைய இசை பிறருடைய பிம்பங்களுக்குப் பின்னால் நடந்து போகிற இசை அன்று" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினார். மாப்பிள்ளை வீடு கிட்டங்கியிலிருந்து நாலாவது வீடு. வாசலில் நின்று சொன்னால் போதும். ஆனால் வாயால் சொல்லும் மறுப்புக்கு நகல் எடுக்க முடியாது. சிவகணேஷ் தம்முடைய மறுப்புக் கடிதங்களுக்கெல்லாம் கார்பன் நகல் எடுத்து, அலுவலகத்துக் கோப்பு ஒன்றில் துளையிட்டுக் கோத்து வைத்திருந்தார். வருங்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்வார்கள் அல்லவா? கோப்பில் மூன்று கடிதங்கள் சேர்ந்திருந்தன. இரண்டு, உண்மையிலேயே அழைத்தவர்களுக்கு எழுதியவை. ஒன்று, அழைக்கக்கூடும் என்று தோன்றிய ஒரு கல்லூரிக்கு.

இப்படியே இரண்டு வருஷம். ஐந்து பாட்டுகள் சேர்ந்தன. அதில் 'சூனியத்தின் சுவர்' மட்டும் ஒன்பது நிமிஷம். அதைக் கேட்கும்போதெல்லாம் மைதீன் ஏழாவது நிமிஷத்தில் எழுந்து போய் டீ வாங்கிக்கொண்டு வருவான். திரும்பும்போது சுவர் அப்படியே நிற்கும்.

தொண்ணூற்றைந்தில் ஆயுத பூஜை வந்தது. விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளர் குடியிருப்பில் அன்றைக்குச் சாயங்காலம் நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். பூஜைக்கு மில்லின் கதவைத் திறந்து விடுவார்கள். குடும்பத்தோடு உள்ளே போய், அப்பா நிற்கிற இயந்திரம் இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, பொரி பொட்டலத்தோடு மைதானத்துக்கு வந்து உட்காருவார்கள். அந்த வருஷம் வர வேண்டிய மெல்லிசைக் குழு கடைசி நேரத்தில் வர முடியாதென்று சொல்லிவிட, தானியேலின் அப்பா, "எம் பையன் கூட்டாளிங்க வாசிப்பாங்க" என்று சொல்லிவிட்டார். சிவகணேஷ் கடிதத்தாளை எடுத்துவிட்டார். தானியேல் அந்தத் தாளைப் பைய வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"எங்க அப்பா வாக்குக் குடுத்துட்டாரு. இந்த ஒரு தடவை சரின்னு சொல்லிப் பாரு. ஒண்ணும் ஆயிராது."

மைதீன் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் வேனில் ஏற்றிக்கொண்டு முந்தியே போய்விட்டான்; டிரம்ஸுக்கு அதில் இடமில்லை. மற்ற மூவரும் கிட்டார்களையும் டிரம்ஸையும் தூக்கிக்கொண்டு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். பூஜைக் கூட்டம். பாபநாசம் வண்டிகள் மூன்று வந்தன, மூன்றிலும் டிரம்ஸைப் பார்த்ததுமே விசில் கொடுத்துவிட்டார்கள். நாலாவது வண்டியின் படியில் நாறும்பூநாதன் ஒரு காலை வைத்துவிட்டான். ஒரு கையில் கம்பி, மறு கையில் பெரிய டிரம். பாடுகிற மாதிரியே கேட்டான்: "படியில எடம் இருக்கா, அண்ணாச்சி?"

கண்டக்டர் உள்ளேயிருந்து, "ஒத்தக் காலுக்குத்தான் இருக்கு வே" என்றார்.

"மறுகால வீட்டுல வச்சிட்டுத்தான் வாரேன்."

வண்டியே சிரித்தது. எப்படியோ மூவரையும் ஏற்றிக்கொண்டார்கள். கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் தானியேல் டிரம்மின் தோல் மேல் விரலால் தட்டத் தொடங்கியிருந்தான். அம்பாசமுத்திரம் தாண்டும்போது அது பாட்டாகிவிட்டிருந்தது.

*படியில எடம் இருக்கா அண்ணாச்சி – ஒத்தக்*
*காலுக்கு எடம் இருக்கா*
*மறுகால வீட்டுல வச்சிட்டு வாரேன் – என்*
*மனசுக்கு எடம் இருக்கா*

சிவகணேஷ் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதெல்லாம் மேடையில வேண்டாம்" என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடை ஏறினார்கள். வெயில் பொதிகை மலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அறுநூறு பேர் இருப்பார்கள். சிவகணேஷ் இசையின் விடுதலை பற்றி நான்கு வார்த்தை சொல்லிவிட்டு முதல் பாட்டை எடுத்தார். முடிந்தது. இரண்டாவது முடிந்தது. 'சூனியத்தின் சுவர்' ஒன்பது நிமிஷமும் முழுசாக எழும்பி நின்றது. ஜனங்கள் மரியாதையானவர்கள், பொரியைக்கூடச் சத்தம் வராமல் மென்றார்கள். பாட்டு முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து மேடையருகே வந்து மைதீனிடம் கேட்டார்: "தம்பி, மைக் செட் சரியாயிட்டா? எப்பப் பாட்டு ஆரம்பிப்பிய?"

சிவகணேஷுக்குக் காது நன்றாகக் கேட்கும். அடுத்த பாட்டின் முதல் அடியை அவர் எவ்வளவு ஆத்திரத்தோடு இழுத்தாரென்றால், கிட்டாரின் கம்பி ஒன்று பட்டென்று அறுந்தது.

புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்க்க ஐந்து நிமிஷமாவது வேண்டும். அவர் மேடையின் ஓரத்தில் முதுகைக் காட்டிக் குத்தவைத்தார். கூட்டத்தில் ஆட்கள் எழுந்து வேட்டியைத் தட்டத் தொடங்கினார்கள். தானியேலின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதைத் தானியேல் பார்த்தான். நாறும்பூநாதனைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

"படியில எடம் இருக்கா அண்ணாச்சி..."

ஷிப்டுக்கு ஓடிப் பஸ் பிடிக்கிறவர்கள் நிறைந்த ஊர் அது. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இரண்டாவது தடவை வந்தபோது ஆண்கள் பக்கம் "ஒத்தக் காலுக்கு" என்று எடுத்துக் கொடுத்தது. மூன்றாவது தடவை பெண்கள் பக்கம் "மனசுக்கு" என்பதை இழுத்து இழுத்துப் பாடி, பாட்டைத் தங்களிடமே வைத்துக்கொண்டுவிட்டது.

சிவகணேஷ் கம்பியை மாட்டி முடித்திருந்தார். நிமிர்ந்தார். நடுவில் ஓர் இடத்தில் பாட்டு மூச்சு வாங்கிக்கொண்டது. அங்கே ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. யோசித்திருந்தால் வாசித்திருக்க மாட்டார். விரல் முந்திக்கொண்டது. துள்ளித் துள்ளிப் படியேறி, மேலே போய்த் தொங்கி, தடுமாறி, கடைசி நொடியில் காலூன்றுகிற ஒரு சின்ன ஸ்வர வரிசை. இரண்டு வருஷமாக வாசித்த அத்தனையும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். கூட்டம் சிரித்துக்கொண்டே கையைத் தட்டியது. திரும்பக் கேட்டது. நான்கு முறை பாடினார்கள், நான்கு முறையும் அவர் வாசித்தார். நாலாவது தடவை, தம்முடைய முகம் சிரித்துக்கொண்டிருப்பதை அவரே கண்டுபிடித்தார்.

அதுதான் அவரைப் பயமுறுத்தியது. இத்தனை பேருக்குப் பிடித்த ஒன்று எப்படி நல்லதாக இருக்க முடியும்? திரும்பி வரும் பஸ்ஸில் மற்ற இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் தனியே முன்னால் போய் உட்கார்ந்து, தாம் எங்கே வழுக்கினோம் என்று யோசித்துக்கொண்டு வந்தார்.

பத்து நாள் கழித்துக் கிட்டங்கி வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. வந்தவர் செல்லக்கிளி அக்கா. நெல்லை டவுனில் காசெட் பதிவு செய்யும் கடை வைத்திருந்தவர். தென்மாவட்டத்து வில்லுப்பாட்டுகள் பாதி அவர் கடைச் சுருளில்தான் ஓடின. அப்போது அங்கே சிவகணேஷ் மட்டும்தான் இருந்தார்.

"ஒரு வாரமா அம்பைப் பக்கத்து ஆளுக வந்து படிப் பாட்டு காசெட் இருக்கான்னு கேக்காங்க. ஆறு பேர் கேட்டுட்டாங்க. எட்டுப் பாட்டு குடுங்க, போட்டுருவோம். படிப் பாட்ட முதல்ல வைப்போம்."

"அது எங்க பாட்டே இல்ல" என்றார் சிவகணேஷ்.

"பின்ன யாரு பாட்டு?"

"அது சும்மா, பஸ்ல பேசுனது. எங்க பாட்டு வேற. சூனியம்னு ஒண்ணு இருக்கு. ஒம்பது நிமிஷம்."

"அதையும் போடுவோம். ரெண்டாவது பக்கம், கடைசியில போடுவோம். கேக்கவங்க கேக்கட்டும்."

ரெண்டாவது பக்கம். கடைசி. சிவகணேஷ் அன்றைக்கே உட்கார்ந்து நான்கு பக்கக் கடிதம் எழுதினார். அது அவருடைய மறுப்புகளிலேயே தலைசிறந்தது. இந்த இனத்தார் இலக்கணமாக வைத்துப் படிக்கத் தக்கது. தபாலில் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். கூட்டாளிகளிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஒரு சின்ன விஷயம்தானே?

ஒரு மாதம் கழித்துத் தானியேல் பாட்டு எழுதிய தாளைத் தேடிக்கொண்டு கோப்பைப் புரட்டினான். கார்பன் நகல் கையில் வந்தது. நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தான். பிறகு சிவகணேஷிடம் நீட்டினான்.

"'நாங்கள் நால்வரும் ஒருமனதாக'ன்னு எழுதியிருக்கே. அந்த நாலுல நான் எத்தனாவது ஆளு லே?"

சிவகணேஷ் கிட்டாரைக் கீழே வைத்தார். "கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"ஒனக்குக் கொள்கை இருக்கு, ஆபீஸ் இருக்கு. எனக்கு அந்த ஒரு பாட்டுதான் இருந்துச்சு." குரல் உயரவே இல்லை. "எங்க அப்பா அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? நம்ம பையன் தட்டுனதுக்கு நம்ம மேஸ்திரி ஆடுனாருன்னாரு. அத நீ நாலு பக்கத்துல அடிச்சிட்டே."

"மைதீனு, நீ சொல்லு" என்றார் சிவகணேஷ்.

"எனக்கு ரெண்டு பேரும் வேணும். அதனால நான் ஒண்ணும் சொல்லல" என்றான் மைதீன், ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டே.

நாறும்பூநாதன் கிட்டாரை உறையில் போட்டான். "அந்த ரெண்டு கம்பியத் திருப்பி மாட்டிக்கிடுதேன்" என்றான். அவ்வளவுதான். பாறை நாலாக உடைந்தது. சர்ச் டிரம்ஸ் அந்த வாரம் வெள்ளிக்கிழமையே திரும்பிப் போயிற்று. தானியேல் அப்பாவின் மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். மைதீன் சார்ஜாவுக்குப் போனான். கறுப்புப் பலகையை மட்டும் மைதீனின் வாப்பா கழற்றவில்லை. ஜல்லிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவர் கமிஷனுக்கு ஒரு குவாரியைப் பேசி வைத்துக்கொண்டார்.

இங்கேதான் இந்த இனத்தின் உண்மையான தொழில் தொடங்குகிறது. குழு நடக்கும்போது குழுத் தலைவருக்கு ஆயிரம் இடைஞ்சல். கலைந்துவிட்டால் இடைஞ்சலே இல்லை. சிவகணேஷ் முடியை வெட்டினார், பிருந்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார், இலக்கியக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து, கூட்டம் முடிந்து டீ வரும்போது தம் கதையைச் சொல்லத் தொடங்கினார். முதல் வருஷம், டவுனில் ஒரு காசெட் கடைக்காரர் வந்து கேட்டதை மறுத்ததாகச் சொன்னார். மறு வருஷம் அது மெட்ராஸ் கம்பெனி ஆயிற்று. அதற்கடுத்த தையில் பம்பாய்க்குப் போய்விட்டது. பிருந்தா பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள்; எதையும் அளந்து பார்க்கிறவள். "பம்பாய்லருந்து வந்தவங்க நம்ம வீட்டுல காப்பி குடிச்சாங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி வளரவில்லை.

ஆனால் மாலையில் கிட்டாரை எடுக்கும்போதெல்லாம் அவர் விரல் அந்தச் சின்ன வரிசைக்கே போகும். ஏறி, தொங்கி, தடுமாறி. காலூன்றுகிற இடத்துக்கு முன்னே நிறுத்திவிடுவார். ஏன் நிறுத்துகிறார் என்று பிருந்தா கேட்டதில்லை.

தொண்ணூற்றெட்டில் அம்பாசமுத்திரம் கிளைக்கு மாற்றல் வந்தது. தினமும் பஸ். அந்த அலுவலகத்தில் தண்ணீர் எடுத்து வைத்துப் பெருக்கித் துடைக்கிற இசக்கியம்மா விக்கிரமசிங்கபுரத்துக்காரி. ஒருநாள் காலையில் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவள் முணுமுணுத்தது சிவகணேஷின் காதில் விழுந்தது. "மறுகால வீட்டுல வச்சிட்டு வாரேன்..." பேனாவை வைத்துவிட்டார். இசக்கியம்மா அதோடு நிறுத்தவில்லை. பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில், நாக்கைச் சுழற்றி, "டிங்கிடி டிங்கிடி டிடிங்... டிங்" என்று அவருடைய வரிசையை வாசித்தாள். ஏறினாள், தொங்கினாள், காலூன்றுவதற்கு முன்னே ஒரு தட்டை விழுங்கிவிட்டாள்.

"அங்கன ஒரு தட்டு விட்டுட்டிய" என்றார் அவர். அடக்க முடியவில்லை.

"எங்கன?"

அவர் மேஜையில் தட்டிக் காட்டினார். இசக்கியம்மா ஒரு தடவை கேட்டு, சரியாகத் திருப்பிச் சொன்னாள். "ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்? இது எங்க ஊர்ப் பாட்டுல்லா. பழைய பாட்டு. எங்க மதினி வளைகாப்புலயே பாடுனோம்."

"அந்த டிங்கிடி, நான் வாசிச்சது."

இசக்கியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொல்லுகிற முகமாகவும் இல்லை. "அதுக்கு வாத்தியம் வேற இருக்கா?" என்று கேட்டாள். "நாங்க வாயாலயே செய்யுததுன்னுல்லா நெனச்சோம்."

பம்பாய்க் கம்பெனியை மறுத்தவர் மறுபடியும் பேனாவை எடுத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அலுவலகம் முடிந்ததும் பாளையங்கோட்டை வண்டியை விட்டுவிட்டு எதிர்த்திசை வண்டியில் ஏறினார்.

தானியேல் வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"அம்பைக்கு மாத்தல் வந்திருக்கு" என்றார் சிவகணேஷ்.

"அது ஆச்சே எட்டு மாசம். மைதீன் சார்ஜாலருந்து எழுதியிருந்தான்."

நாலைந்து கல் தொலைவில் எட்டு மாதம் இருந்துகொண்டு வராத செய்தி கடல் கடந்து போய்த் திரும்பி வந்திருந்தது. சிவகணேஷ் வாசல்படியில் உட்கார்ந்தார். சைக்கிள் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு பக்கம் மறுத்து எழுதத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

"அந்தப் பாட்டுல... நடுவுல ஒரு தட்டு குறையுது. ஊர்ல தப்பாப் பாடுதாங்க."

தானியேல் செயினைத் துணியால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். இந்த இனத்தாரின் பாஷையில் 'மன்னித்துக்கொள்' என்ற சொல் கிடையாது. அதற்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்பது, இரண்டு வருஷம் கூட வாசித்தவனுக்குத் தெரியாதா?

"குறையத்தான் செய்யும்" என்றான். "வாசிக்கதுக்கு ஆள் இல்லல்லா." பிறகு உள்ளே பார்த்துக் காப்பி போடச் சொன்னான்.

அடுத்த மாதம் அந்த ஊர்ச் சர்ச்சில் அசனம் வந்தது. ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். உச்சி வெயிலில் பந்திக்குக் காத்து நிற்கிற கூட்டத்துக்காகக் கொட்டகைக்கு வெளியே, மேடைகூட இல்லாமல், மூவரும் வாசித்தார்கள். நாறும்பூநாதன் கூடங்குளத்தில் சிமெண்டு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் வந்து இறங்கினான். நல்ல பாட்டுகள் சிலவற்றைப் பாடினார்கள். கூட்டம் எதைக் கேட்டது என்று சொல்லவும் வேண்டுமா? சிவகணேஷ் வாசித்தார். மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் வாசித்தார். முகத்தை ஒளித்துக்கொள்ள நிழல் எதுவும் அங்கே இல்லை. தானியேலின் அப்பா சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தட்டித் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஆக, ஆள் குணமாகிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அசனம் முடிந்து கை கழுவுகிற இடத்தில், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், "இத காசெட்டாப் போட்டா என்ன?" என்று பாராட்டாகத்தான் கேட்டார். சிவகணேஷ் கையை உதறிக்கொண்டு, மலைப் பக்கம் பார்த்து, நிதானமாகச் சொன்னார்: "காசெட் எங்களுக்குக் கொள்கையிலேயே கிடையாது. நாங்க நேரடியா ஜனங்ககிட்டப் போறவங்க." பின்னால் நின்ற தானியேல் இருமினான், அப்பளம் தொண்டையில் சிக்கிக்கொண்டதாகப் பிறகு சொன்னான்.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். வந்திருக்கும், எல்லோருக்கும் வரும். பத்திரிகை ஆசிரியர்களுக்கு ரசனை போய்விட்டது என்று அனுப்பாமலே வைத்திருக்கும் நாவல்காரரோ, தேர்வாளர்கள் நியாயமாக இருக்க மாட்டார்கள் என்று ஆடாமலே ஓய்வுபெற்ற ஆட்டக்காரரோ, யாரோ ஒருவர். "அப்படியே அச்சு அசல் அவன்தான்" என்று சிரித்துக்கொண்டே இந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டலாம் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாக நீட்டுங்கள். ஆனால் சற்று ஜாக்கிரதை. அவரும் இதைப் படித்துவிட்டு, உங்களிடம்தான் நீட்டவேண்டும் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நீங்கள் வருகிற நேரத்தைப் பார்த்துக் காத்திருக்கக்கூடும்.